வாரண்டி முடிந்த எலெக்ட்ரிக் காரில் யார் கை வைப்பது?

டாடா நெக்ஸானின் எலெக்ட்ரிக் வடிவம் 2020 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. அந்தக் கணக்கில் முதலில் வாங்கியவர்களுக்கு 2028இன் தொடக்கத்தில் கெடு முடிகிறது; நிறைய ஓடும் வண்டிகளுக்கு அதற்கும் முன்பே. எலெக்ட்ரிக் கார் பற்றி இந்தியாவில் நாம் இதுவரை கேட்ட நல்லது கெட்டதெல்லாம் பெரும்பாலும் வாரண்டிக்குள் இருக்கும் வண்டிகளைப் பற்றியவை. எது கெட்டாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் சொல்லப்பட்டவை. இனிமேல்தான் கணிசமான எண்ணிக்கையில் பழைய எலெக்ட்ரிக் கார்கள் சொந்தக்காரரின் செலவில் ஓடப் போகின்றன. டீக்கடை முதல் ஷோரூம் வரை இதைப் பற்றி எழும் ஒரே கேள்வி, பேட்டரி போனால் எவ்வளவு ஆகும் என்பது. நியாயமான கேள்விதான், ஆனால் போதாது. பத்து, பன்னிரண்டு வயதைக் கடந்த எலெக்ட்ரிக் கார்கள் வெளிநாடுகளில் பட்ட பாட்டைக் கவனித்தால், காரின் ஆயுளைப் பேட்டரியின் வேதியியல் மட்டும் தீர்மானிக்கவில்லை என்பது தெரிகிறது. அதைத் திறந்து பார்க்கும் அறிவும் உரிமையும் உதிரிப் பாகமும் யாரிடம் இருக்கின்றன என்பதுதான் பல நேரம் வண்டி ஓடுமா, உடைப்புக்குப் போகுமா என்று முடிவு செய்கிறது.

கெடுவது எது?

ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, ஆண்டுதோறும் வழியில் நின்றுபோன லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஆள் அனுப்பி உதவுகிறது. அந்தக் கணக்கை வெளியிடவும் செய்கிறது. ஒரே வயதுள்ள பெட்ரோல், டீசல் கார்களைவிட எலெக்ட்ரிக் கார்கள் வழியில் நிற்பது குறைவு என்கிறது அந்தக் கணக்கு. நிற்பதற்கான முதல் காரணம் இருவகை வண்டிகளிலும் ஒன்றே: 12 வோல்ட் பேட்டரி. எலெக்ட்ரிக் காரிலும் அந்தச் சின்னப் பேட்டரி உண்டு என்பது பலருக்கு அது இறங்கிய பிறகுதான் தெரிகிறது. கதவுப் பூட்டு, விளக்கு, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் எல்லாம் அதன் தயவில்தான் இயங்குகின்றன. அது இறங்கிவிட்டால், இருக்கைக்கு அடியில் 300 வோல்ட்டுக்கு மேல் நிறைந்து கிடந்தாலும் வண்டி அசையாது. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐயோனிக் 5 கார்களில் 1,744 வண்டிகளை 2024 ஜூனில் கம்பெனி திரும்ப அழைத்ததும் இது தொடர்பாகத்தான். சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் கருவியில் கோளாறு வந்தால் சின்னப் பேட்டரி சார்ஜ் ஏறாமல் இறங்கிவிடலாம் என்பது காரணம். பெரிய பேட்டரிக்கு எந்தக் குறையும் இல்லை.

வயதான வண்டிகளில் அடுத்து வருவது இன்சுலேஷன் கோளாறு. ஆரஞ்சு நிற உயர் அழுத்த வயர்களுக்கும் காரின் உடலுக்கும் நடுவே எங்கும் மின்கசிவு இருக்கக் கூடாது. கார் இதைத் தானே அளந்துகொண்டிருக்கிறது. ஏதோ ஒரு கனெக்டரின் ரப்பர் வாஷர் காய்ந்து உள்ளே ஈரம் போனாலோ, உயர் அழுத்தத்தில் ஓடும் ஏசி கம்ப்ரசருக்குள் கசிவு ஏற்பட்டாலோ, பாதுகாப்புக் கருதி வண்டி புறப்பட மறுத்துவிடும். திரையில் வருவது ஒரே ஒரு எச்சரிக்கை. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி இன்சுலேஷன் அளவைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் இன்சுலேஷன் அளக்கும் மெகரை வைத்துத் தினமும் செய்கிற சோதனையின் தம்பிதான் இது. கம்ப்ரசர்தான் குற்றவாளி என்று தெரிந்துவிட்டால் செலவு கம்ப்ரசரோடு நிற்கும். தேடிப் பார்க்க யாரும் இல்லையென்றால் எஸ்டிமேட் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

சில பழுதுகள் காருக்கே உரியவையாகக்கூடத் தெரியாது. 2012 முதல் 2018 வரை தயாரான டெஸ்லா மாடல் எஸ், எக்ஸ் கார்கள் பலவற்றின் நடுத்திரைக்குப் பின்னால் 8 ஜிபி மெமரி சிப் ஒன்று இருந்தது. இந்த வகைச் சிப்பில் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் எழுத முடியாது. காரின் மென்பொருள் ஓயாமல் அதில் பதிவு எழுதிக்கொண்டே இருந்ததால் சில வருடங்களில் சிப் தேய்ந்தது, திரை இருண்டது, பின்பக்கக் கேமராவும் அதோடு போனது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்ட பிறகு, 2021இல் ஏறத்தாழ 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு முன்பே அங்கே சில எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் சிப்பை மட்டும் கழற்றி, தகவலைப் பிரதியெடுத்து, கொள்ளளவு கூடிய புதிய சிப்பைப் பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் போர்டைச் சரிசெய்கிறவருக்குப் புரியாத வேலை இல்லை இது.

பழுதின் அளவுக்கும் பில்லின் அளவுக்கும் தொடர்பே இல்லாமல் போவதற்கு 2021இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் நல்ல சான்று. சாலையில் கிடந்த ஏதோ ஒன்று அடிபட்டு, டெஸ்லா மாடல் 3 கார் ஒன்றின் பேட்டரியில் குளிர்நீர்க் குழாய் சேரும் பிளாஸ்டிக் முனை உடைந்தது. செல்கள் எல்லாம் நலம். ஆனால் அந்த முனை பேட்டரிப் பெட்டியின் ஒரு பகுதி என்பதால் முழுப் பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 16,000 டாலர். எலெக்ட்ரிஃபைட் கராஜ் என்ற தனியார் ஒர்க்‌ஷாப் உடைந்த முனையை வெட்டிச் சீராக்கி, பித்தளை ஃபிட்டிங் ஒன்றைப் பொருத்தி 700 டாலருக்கு வேலையை முடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபின்லாந்தில் ஒருவர், தன் 2013 மாடல் எஸ் காருக்குப் பேட்டரி மாற்ற 20,000 யூரோவுக்கு மேல் ஆகும் என்று கேட்டதும், 30 கிலோ டைனமைட் வைத்து வண்டியையே தகர்த்தார். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் பேட்டரியின் விலையைப் பேசினார்கள். பேட்டரிக்குள் கெட்டது எது என்று கேட்டவர்கள் குறைவு. கார் கம்பெனியின் உதிரிப் பாகப் பட்டியலில் பேட்டரி பேக் என்பது ஒரே பாகம், ஒரே எண். உள்ளே ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ஒரு சென்சர் போயிருந்தாலும் பட்டியலில் விற்பனைக்கு இருப்பது முழுப் பெட்டி மட்டும் என்றால், எந்த நேர்மையான சர்வீஸ் அட்வைசரும் அதற்குத்தான் பில் போடுவார்.

லீஃப் காட்டியது

பேட்டரி தேய்வதே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேய்மானத்துக்குப் பெரிய சாட்சி நிசான் லீஃப். 2010 டிசம்பரில் வெளிவந்த இந்தக் காரின் 24 கிலோவாட் அவர் பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் கிடையாது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சொந்தக்காரர்கள், வெயிலில் பேட்டரியின் கொள்ளளவு வேகமாகக் குறைகிறது என்று போராட, டாஷ்போர்டில் உள்ள 12 கோடுகளில் ஒன்பதுக்குக் கீழே ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் இறங்கினால் சரிசெய்து தருவதாகக் கம்பெனி இறங்கிவந்தது. பிறகு வந்த கார்களில் திரவக் குளிரூட்டல் பரவலானது. வாகனத் தரவு நிறுவனமான ஜியோடேப்பின் ஆய்வுகளின்படி சராசரித் தேய்மானம் வருடத்துக்குச் சுமார் இரண்டு சதவீதம். அதாவது பத்து வயதுக் காரில் நாலில் மூன்று பங்குக்கு மேல் மிஞ்சும். தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தாராளம்.

ஆனால் சராசரி ஏமாற்றும். லீஃப் பேட்டரிக்குள் 192 செல்கள் இருக்கின்றன. நான்கு செல்லுக்கு ஒரு மாட்யூல் என்று 48 மாட்யூல்கள். இரண்டிரண்டு செல்லாக 96 ஜோடிகள் வரிசையில் இணைந்திருக்கும். பழநிக்குக் கூட்டமாகப் பாதயாத்திரை போகிறவர்கள் அதில் மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் போய்ச்சேர முடியும். வரிசையில் இணைந்த செல்களும் அப்படித்தான். 95 ஜோடிகளில் சார்ஜ் மிச்சமிருக்கும்போது ஒரு ஜோடியின் வோல்ட்டேஜ் சரிந்தால், அதைக் காப்பாற்றக் கார் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். ஓட்டுகிறவருக்கு இது ‘பேட்டரி போச்சு’. ஆனால் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓபிடி டாங்கிளும் செல்போனில் லீஃப் ஸ்பை செயலியும் இருந்தால் எந்த ஜோடி பலவீனம் என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். அந்த மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நுட்பம் உண்டு: புத்தம் புதிய மாட்யூலைப் போட்டால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது, ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேட வேண்டும். ஆகவே விபத்தில் சிக்கி உடைப்புக்கு வந்த வண்டிகளின் பேட்டரிகளைப் பிரித்து, அளந்து, தரம்பிரித்து வைக்கும் ஒரு தொழில் தேவைப்படுகிறது. ஜப்பானில் ஃபுகுஷிமா அருகே நமியே ஊரில் 2018இல் தொடங்கிய 4ஆர் எனர்ஜி ஆலை இதைத்தான் செய்கிறது. புதுப்பித்த லீஃப் பேட்டரியை 3,00,000 யென்னுக்கு, புதியதன் விலையில் ஏறக்குறைய பாதிக்கு, விற்பதாக அறிவித்தது. கார் கம்பெனியே பங்குதாரராக இருந்து செய்தது இது. செய்ய முடியாது என்ற வாதம் அதோடு அடிபட்டுப்போகிறது.

இதே காருக்குக் கம்பெனியின் துணை இல்லாமல் என்ன ஆனது என்று பார்க்க இலங்கைக்குத்தான் போக வேண்டும். 2014, 2015 வாக்கில் எலெக்ட்ரிக் கார்களுக்கு இறக்குமதி வரி குறைவாக இருந்ததால், ஜப்பானில் ஓடிய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் ரீகண்டிஷன் வாகனங்களாகக் கொழும்புக்கு வந்தன. 2015 இறுதியில் வந்த வரவு செலவுத் திட்டம் வரியைக் கூட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பிப்ரவரியில்தான். இடையில் 2022இன் எரிபொருள் நெருக்கடி. குளிரூட்டல் இல்லாத பேட்டரி, வெப்ப நாடு, புதிய வண்டி வர வழியில்லை, பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை: ஒரு பழைய எலெக்ட்ரிக் காருக்கு இதைவிடக் கடுமையான தேர்வு வைக்க முடியாது. வண்டியைக் கைவிட யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஹைப்ரிட் கார்களின் பேட்டரியைத் திறந்து செல் மாற்றிப் பழகியிருந்த கராஜ்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பஞ்சிகாவத்தை போன்ற உதிரிப் பாகச் சந்தையும் இருந்தது. அந்தக் கைப்பழக்கம் லீஃபுக்கு மாறியது. மாட்யூல் மாற்றிக் கொடுத்தார்கள், உடைப்பு வண்டியின் பேட்டரியை ஏற்றினார்கள், புதிய செல்களைக் கொண்டு பெட்டியையே மறுபடி கட்டினார்கள். எல்லா வேலையும் தரமாக இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆனால் பிறந்த நாட்டில் ஓய்வு பெற்ற வண்டிகள் அங்கே இன்னொரு சுற்று ஓடின.

ஆபத்து உண்மைதான்

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் பாதுகாப்பு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 350 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் அணைக்கிற நெருப்பு இல்லை அது. மரத்தடி மெக்கானிக்கிடம் இதைக் கொடுக்கலாமா என்று கம்பெனிகள் கேட்கின்றன. கொடுக்கக் கூடாதுதான். ஆனால் சர்வீஸ் பிளக்கைக் கழற்றுவது, கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியக் காத்திருப்பது, 1,000 வோல்ட் தாங்கும் கையுறை அணிவது, அளந்து பார்த்த பிறகே கை வைப்பது என்கிற நடைமுறை ஒன்றும் ரகசியக் கலை இல்லை. கம்பெனி தன் சொந்த டெக்னீஷியனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். வாரண்டி முடிந்த வண்டிக்காரர், சர்வீஸ் சென்டரின் எஸ்டிமேட்டைக் கட்ட முடியாதபோது எப்படியும் வெளியே ஒருவரைத் தேடிப் போவார். அந்த ஒருவரிடம் வயரிங் வரைபடமும் பயிற்சியும் இருப்பது பாதுகாப்பா, இல்லாமல் இருப்பது பாதுகாப்பா? தகவலைப் பூட்டி வைப்பதால் வேலை நிற்காது, ஆபத்து மட்டும் கூடும். போகட்டும், 2022இல் நம் ஊர்களில் தீப்பிடித்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் பல, வெளி மெக்கானிக் கை படாத புது வண்டிகள். அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியபோது அரசு தயாரிப்பாளர்களை நோக்கித்தான் பேசியது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. செல்களின் விலை சரிந்துகொண்டே போகிறது. பழையதை நோண்டுவானேன், மாற்றிவிட்டுப் போகலாமே? ப்ளூம்பெர்க்கின் கணக்கில் 2010இல் கிலோவாட் அவருக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த பேட்டரி பேக் விலை 2024இல் 115 டாலர். அந்த விலையில் முதல் நெக்ஸானின் 30.2 கிலோவாட் அவர் பேட்டரி சுமார் மூன்று லட்சம் ரூபாய்க்குள் அடங்க வேண்டும். ஆனால் அது கார் கம்பெனிகள் மொத்தமாக வாங்கும் விலை. உதிரிப் பாகமாக ஒன்றே ஒன்று வாங்கும்போது அந்தச் சரிவு நம் பில்லில் தானாக வந்து இறங்காது. விற்பவர் ஒருவரே என்றால் விலையும் அவர் வைத்ததுதான். கனடாவில் 2023இல் ஐயோனிக் 5 கார் ஒன்றின் அடியில் கீறல் விழுந்ததற்குப் பேட்டரி மாற்ற 60,000 கனடா டாலர் எஸ்டிமேட் வந்தது. அது காரின் விலையைவிட அதிகம். செல் விலை வரலாறு காணாத அளவு குறைந்திருந்த காலத்தில்தான் இது.

பெட்ரோல் காருக்கும் வயதானால் எஞ்சின் இறக்க வேண்டும், கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டும் என்பார்கள் எலெக்ட்ரிக் ஆதரவாளர்கள். சரியான பேச்சு, ஆனால் அது என் வாதத்துக்கே உதவுகிறது. பத்து வயது மாருதிக்கு எஞ்சின் வேலை என்றால் கம்பெனி சர்வீஸ், பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப், புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் என்று மூன்று விலை கேட்டுப் பார்க்கலாம். எலெக்ட்ரிக் காருக்கு இன்று ஒரு விலைதான்.

வடிவமைப்பாளர்களின் மறுப்பு ஒன்று உண்டு, அதில் பாதி உண்மை இருக்கிறது. மாட்யூல்களை விட்டுவிட்டுச் செல்களை நேரடியாகப் பெட்டியில் அடுக்கி ஒட்டிவிடுவது, பிஒய்டி 2020இல் கொண்டுவந்த பிளேடு பேட்டரி போல, எடையையும் செலவையும் குறைக்கிறது. பிரிக்கும்படி செய்தால் அந்த ஆதாயம் கொஞ்சம் போகும். இந்தியாவின் தொடக்ககால எலெக்ட்ரிக் காரான ரேவா 2001இல் வந்தபோது எட்டு லெட் ஆசிட் பேட்டரிகளில் ஓடியது. இன்வெர்ட்டர் பேட்டரி போலக் கழற்றி மாற்றலாம். வசதிக்குக் குறைவில்லை, வண்டிதான் தூரம் போகவில்லை. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. செல்களை ஒட்டிக்கொள்ளட்டும். முதலில் கெடுகிற ரிலே, ஃபியூஸ், சென்சர், கட்டுப்பாட்டு போர்டு ஆகியவற்றையாவது மேல்மூடி ஒன்றைத் திறந்தால் எட்டும் இடத்தில் வைக்கலாம். அதனால் எடை பெரிதாகக் கூடாது, தூரமும் பெரிதாகக் குறையாது.

இதையெல்லாம் சரிசெய்தாலும் மென்பொருள் பூட்டு ஒன்று மிஞ்சுகிறது. புதுப் பாகத்தைப் பொருத்திய பிறகு காரின் கம்ப்யூட்டர் அதை ஏற்க வேண்டும். ஏற்கவைக்கும் திறவுகோல் கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. கம்பெனியே இல்லாமல் போனால்? அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனம் 2024 ஜூனில் திவாலானபோது சுமார் 11,000 ஓஷன் கார்கள் அநாதையாயின. சொந்தக்காரர்கள் சங்கம் வைத்து, மென்பொருளையும் உதிரிப் பாகங்களையும் தாங்களே தேட வேண்டிவந்தது. உயிரோடிருக்கும் கம்பெனிகளும் கைவிடுவதுண்டு: பிரிட்டனில் பழைய லீஃப் கார்களுக்கான செல்போன் செயலியை நிசான் 2024இல் நிறுத்தியது. வண்டி ஓடும், தொலைவிலிருந்து சார்ஜ் பார்க்கும் வசதி மட்டும் போய்விட்டது.

2014இல் வந்த உத்தரவு

பாகத்தையும் கருவியையும் பூட்டி வைப்பது பற்றிய சண்டை இந்தியாவில் புதிதில்லை. உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்கு விற்க மறுத்ததற்காக, 14 கார் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது; வாகனமும் அதன் வரம்பில் உண்டு. ஆனால் இணையதளம் சட்டமாகாது. ஐரோப்பாவில் எலெக்ட்ரிக் கார் பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி முதல் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம்; பேட்டரியின் உடல்நிலைத் தகவலைச் சொந்தக்காரர் படித்தறியும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. யூரோ 7 விதிகள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்வரை 72 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்கின்றன. இங்கே பழைய எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவருக்குப் பேட்டரியின் நிலையை எழுத்தில் கொடுக்க யாருக்கும் கடமை இல்லை. சில கம்பெனிகள் அண்மையில் 15 வருட பேட்டரி வாரண்டி அறிவித்திருப்பது நல்ல செய்தி. ஆனால் அதன் முழுப் பலன் முதல் சொந்தக்காரருக்கே. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்குத்தான் அது அதிகம் தேவை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி வாய்ப்பு உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, ஸ்ரீபெரும்புதூர், இப்போது தூத்துக்குடி என்று எலெக்ட்ரிக் வண்டிகள் தயாராகும் ஊர்கள் பெருகிவிட்டன. தயாரிப்பில் முதலிடம் என்ற பெருமிதம் மேடைதோறும் கேட்கிறது. பழுது பார்ப்பதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அரசு ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரிக் வாகன மெக்கானிக் பயிற்சி வந்துவிட்டது. ஆனால் படித்து வெளியே வரும் இளைஞர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வேலைக்குப் போனால் மட்டுமே ஸ்கேனரும் பாகமும் கைக்குக் கிடைக்கும் என்றால், சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்க அந்தச் சான்றிதழ் எதற்கு? சான்றிதழ் பெற்றவருக்கு வரைபடமும் கருவியும் உதிரிப் பாகமும் நியாயமான விலையில் விற்றாக வேண்டும் என்பதை, அரசு கொடுக்கும் சலுகைகளோடு ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். நிலமும் மானியமும் வரிவிலக்கும் வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் அதற்கு மறுப்புச் சொல்வது எளிதில்லை.

டெல்லி உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புது எலெக்ட்ரிக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதற்குள் இருக்கும் பேட்டரிக்கும் அதே 5 சதவீதம்தான். பத்து வயதுக் காருக்கு அதே பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம். பழைய எலெக்ட்ரிக் காரை வாங்கி விற்கும் டீலரின் லாபத்துக்கும் 18 சதவீதம். மூன்று லட்சம் ரூபாய் பேட்டரியில் இந்த வித்தியாசம் மட்டும் 39,000 ரூபாய். பழையதை ஓடவைக்க முயல்கிறவரிடமிருந்து வசூலிக்கும் இந்தத் தொகைக்கு, சுற்றுச்சூழலின் பெயரால் 5 சதவீதச் சலுகை கொடுத்த அதே ஜிஎஸ்டி கவுன்சில் என்ன காரணம் சொல்லும் என்று தெரியவில்லை. 2028க்கு முன் அந்தக் கேள்வி கவுன்சிலின் அஜெண்டாவில் ஏற வேண்டும்.